வைக்கோல் பிரியில் ஒரு டி.என்.ஏ.

டி.என்.ஏ. என்றால் என்னவென்று நான் முதன்முதலில் விளக்கிச் சொன்னது ஒரு போலீஸ் ஏட்டுக்கு. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தினேன். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஏட்டைப் போலக் காது கொடுத்துக் கேட்டவர் ஒருத்தரும் இல்லை. கேட்காமல் அவர்தான் என்ன செய்வார்? என் தோளில் இருந்தது பாடமா, வைக்கோற்போரைக் கொளுத்தக் கொண்டுபோகிற பந்தமா என்று அவர் அந்த இடத்திலேயே முடிவு கட்டியாக வேண்டியிருந்தது.

அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருஷம். ஊர் நீடாமங்கலம் பக்கம், ஆற்றுக்கு அந்தண்டை. அப்பா இல்லை, நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்கவைத்தாள். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கல்லூரியிலும் தமிழிலேயே படிக்கலாம் என்று புது ஆட்சி கொண்டுவந்திருந்த நேரம். அப்படிப் படித்தால் உதவித்தொகை உண்டு, விடுதியில் சோறும் உண்டு. மூன்று வருஷத்துக்குத்தான் அந்தச் சோறு. கடைசி வருஷச் செய்முறைத் தேர்வில் தவறினால் அடுத்த வருஷம்தான் திரும்ப எழுத முடியும், அதுவரை விடுதியில் இடம் கிடையாது. தேறினால் ஆசிரியர் பயிற்சி, தவறினால் சேற்றில் இறங்கவேண்டியதுதான். நடுவில் வேறு வழி எதுவும் எனக்கு இருக்கவில்லை, எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். கடைசி வருஷ மாணவிகள் ஆளுக்கொரு மாதிரி உருவம் செய்துகொண்டு வரவேண்டும். இலையின் குறுக்குவெட்டு, பூவின் உள்ளமைப்பு, செல் என்று தலைப்புகளைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். உருவம் கொண்டுவராதவளை வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் உட்காரவே விடமாட்டார்கள். எனக்கு வந்த சீட்டில் டி.என்.ஏ. என்று இருந்தது. சீட்டைப் பிரித்துப் பார்த்த விரிவுரையாளர் சிரித்தார். தமிழில் படிக்கிற எங்களைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு ஆங்கிலக் குறிப்பையே வாசித்துவிட்டுப் போகிற மனிதர் அவர்.

“இதெல்லாம் பரம்பரையா வரணும்மா. சிலருக்கு வராது. வேணும்னா வேற சீட்டு எடுத்துக்க” என்றார்.

மரபியல் நடத்துகிறவர் வாயில் வருகிற பேச்சா இது? எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இதுவே இருக்கட்டும் சார் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் காசு நினைப்பு வந்தது. மற்றவர்கள் செப்புக் கம்பியும் கண்ணாடி மணியும் வாங்கப் போனார்கள். என் கையில் ஊருக்கு ரயில் ஏறுகிற அளவுக்குத்தான் இருந்தது.

ஊருக்கு வந்தால் அங்கே அதைவிடப் பெரிய கலக்கம். இரண்டாம் போகம், தாளடி அறுப்பு நேரம். கூலியை உயர்த்திக் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது, எங்கள் ஆட்கள் ஒருத்தரும் அரிவாளைத் தொடவில்லை. மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் இறக்கி அறுக்கப் பார்த்தார். இறக்கினால் வரப்பில் குறுக்கே படுத்துவிடுவது என்று எங்கள் தெருப் பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். இதற்கு நடுவில் மிராசுதார் களத்தில் ஒரு வைக்கோற்போர் எரிந்துபோனது. யார் வைத்த தீ என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்கள் எங்களைச் சொன்னார்கள், நாங்கள் அவர்களைச் சொன்னோம். மறுநாளே ஆற்றுப் பாலத்தில் போலீஸ் வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. இந்த நிலைமையில் மணி வாங்கவேண்டும், கம்பி வாங்கவேண்டும் என்று அம்மாவிடம் எப்படி வாய் திறப்பது? இரண்டு நாள் உம்மென்று இருந்தேன். மூன்றாம் நாள் அவளே கேட்டுவிட்டாள். அரசாங்கம் போட்ட தமிழ்ப் புத்தகத்தை விரித்துப் படத்தைக் காட்டினேன். அதில் மை ஈஷி, எந்த இழை முன்னே போகிறது எது பின்னே போகிறது என்றே தெரியாது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த? ரெண்டு பிரிய ஏணியாக் கட்டி முறுக்குனா ஆச்சு” என்றாள்.

பிரி என்றால் வைக்கோலைத் திரித்துச் செய்கிற கயிறு. நெல் கொட்டி வைக்கிற பட்டறையைச் சுற்றிக் கட்டுவதற்கு எங்கள் பக்கம் அறுப்புக்கு அறுப்பு பாகம் பாகமாகத் திரிப்பார்கள். வைக்கோலில் தண்ணீர் தெளித்துப் பதமாக்கிக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். இன்னொருத்தர் நுனியில் ஒரு குச்சியை மாட்டிச் சுற்றிக்கொண்டே பின்னால் நடக்கவேண்டும். தனி ஆளால் ஆகாது. வீட்டில் காசில்லாவிட்டாலும் போன சம்பாவின் வைக்கோல் கொல்லையில் இருந்தது. எனக்கு வெட்கம் ஒரு பக்கம், வேறு கதியில்லை என்பது ஒரு பக்கம். சரி, போடு என்றேன்.

டி.என்.ஏ.வின் அமைப்பு உண்மையிலேயே ஓர் ஏணிதான். இரண்டு பக்கச் சட்டங்களும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தவை. நடுவில் படிகள். ஒவ்வொரு படியும் இரண்டு துண்டு சேர்ந்தது. துண்டுகளில் நாலே வகை: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். அடினைன் தைமினோடுதான் சேரும், குவானைன் சைட்டோசினோடுதான் சேரும். இந்த நாலும் எந்த வரிசையில் வருகின்றன என்பதில்தான் நெல் நெல்லாவதும் நாரை நாரையாவதும் இருக்கிறது. நான் தென்னை ஈர்க்குகளைக் கத்தையாகக் கட்டிப் படி செய்தேன். மஞ்சள், குங்குமம், கரி, துணிக்குப் போடுகிற நீலம் என்று நாலு நிறம். அடினைனும் குவானைனும் பெரிய மூலக்கூறுகள், மற்ற இரண்டும் சிறியவை. அதனால் நீளத் துண்டோடு குட்டைத் துண்டைச் சேர்த்துக் கட்டினேன். இதை மட்டும் நான் சொல்லாமலே அம்மா புரிந்துகொண்டாள். பெரிசும் பெரிசும் சேர்த்தால் ஏணி அங்கே பிதுங்கும், சின்னதும் சின்னதும் சேர்த்தால் இடுங்கும் என்றாள். புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள்.

அடினைனும் தைமினும் இரண்டு பிணைப்பால் பிடித்துக்கொள்ளும், குவானைனும் சைட்டோசினும் மூன்று பிணைப்பால். எனவே முதல் ஜோடிக்கு வாழைநாரால் இரண்டு சுற்று, அடுத்த ஜோடிக்கு மூன்று சுற்று. இதுவரை சண்டையில்லை. சண்டை வந்தது சட்டங்களை நிறுத்தும்போது. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடவேண்டும் என்பது விதி. ஒன்றின் ஆரம்பம் மேலே என்றால் மற்றதன் ஆரம்பம் கீழே. ஒரு பிரியின் நுனி மேலே, மற்றதன் நுனி கீழே என்று அப்படியே வைத்தேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பாக்குறவங்க நம்மளத்தானே சிரிப்பாங்க, பிரி போடத் தெரியாதவளுங்கன்னு என்று முணுமுணுத்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் ஒரு பிரியைத் திருப்பி இரண்டையும் ஒரே பக்கமாக வைத்துவிட்டாள். நான் மறுபடி மாற்றினேன். மத்தியானம் கண்ணயர்ந்தேன், எழுந்து பார்த்தால் திரும்பவும் மாறியிருந்தது. உன் பட்டறைக்குக் கட்டுற பிரியில்லம்மா இது என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அதற்கப்புறம்தான் விட்டாள்.

கடைசி வேலை முறுக்குவது. ஆள் உயர ஏணியில் இருபது படி. பத்துப் படிக்கு ஒரு முழுச்சுற்று என்று கணக்கு, ஆக இரண்டு சுற்று. அம்மா மேல்முனையைப் பிடித்துக்கொள்ள, நான் கீழ்முனையில் இருந்த மூங்கில் பட்டையைச் சுற்றத் தொடங்கினேன். எந்தப் பக்கம் சுற்றுவது என்று எனக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. படத்தைப் பார்த்தேன், அந்த மை ஈஷலில் ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா சொன்னாள், பிரி திரிச்ச பக்கமே ஏணியும் முறுக்கணும், எதிர்ப்பக்கம் போனா பிரி நெகிழ்ந்து வைக்கோலு வெளிய வந்துடும் என்று. எங்கள் ஊரில் மூன்று வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. என் கையும் தானாக அந்தப் பக்கமே போயிற்று. இரண்டு சுற்று சுற்றி, அவிழாதபடி ஒரு மூங்கில் கழியோடு சேர்த்து இரு முனையையும் கட்டினோம். நன்றாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அச்சு அசல் படத்தில் இருந்த மாதிரியே நின்றது.

தேர்வன்று காலையில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலைப் பிடிக்க நடந்தேன். அன்றைக்குத்தான் வெளியாட்களை இறக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அம்மா விடிந்ததுமே மற்றப் பெண்களோடு வயலுக்குப் போய்விட்டாள். நல்லா எழுது என்றுகூடச் சொல்லவில்லை, வண்டிய விட்டுடாதே என்று மட்டும் சொன்னாள்.

பாலத்தில் ஏட்டு கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏ பொண்ணு, நில்லு. என்னது அது?”

“டி.என்.ஏ.ங்க.”

“டி.என்.ஏ.வா? அது எந்தக் கட்சி?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அந்தக் காலத்தில் மூன்று எழுத்து இருந்தாலே கட்சிதான். எந்தக் கட்சியும் இல்லை, எல்லாக் கட்சிக்காரர் உடம்பிலும் இருப்பது, உங்கள் உடம்பிலும் இருக்கிறது என்றேன். என் உடம்பில் வைக்கோலா என்று அவர் முறைத்தார். கூட இருந்த காவலர் லத்தியால் ஒரு படியைத் தட்டிப் பார்த்தார். எனக்கு வந்ததே கோபம். கொளுத்துகிற பந்தத்துக்கு எவளாவது உட்கார்ந்து சாயம் பூசி இருபது படி வைத்துக் கட்டுவாளா, அதைத் தட்டி உடைத்தால் என் மூணு வருஷப் படிப்பு போச்சு, அப்புறம் நீங்கள்தான் எனக்குச் சோறு போடவேண்டும் என்று பொரிந்துவிட்டேன். சொன்ன பிறகுதான் போலீஸிடம் பேசுகிறோம் என்பதே உறைத்தது. நல்லவேளை, அவருக்குக் கோபம் வரவில்லை. அப்படியென்ன பெரிய சாமான், இது என்ன வேலை செய்யும், சொல்லு பார்ப்போம் என்று பாலத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். தப்பாகச் சொன்னால் விடப்போவதில்லை என்பது அந்தச் சாய்வில் தெரிந்தது.

ரயிலுக்கு அரை மணிதான் இருந்தது. புத்தக வரிகள் மனப்பாடமாக வாயில் இருந்தன. ‘உட்கருவில் அமைந்துள்ள’ என்று ஆரம்பித்தேன். அவருக்கு ஒன்றும் ஏறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒப்பிப்பது இங்கே வேகாது என்று புரிந்தது. அவர் ஸ்டேஷன் மேஜையில் இருப்பதையே உதாரணமாக எடுத்தேன்.

“உங்க ஸ்டேஷன்ல பெரிய ரிஜிஸ்டர் இருக்குல்லீங்க, அத வெளிய எடுத்துட்டுப் போவீங்களா?”

“அது எப்புடி ஸ்டேஷன விட்டுப் போவும்? வேணுங்குற பக்கத்தக் காப்பி எழுதித்தான் குடுப்போம்.”

“அதேதாங்க. இது ரிஜிஸ்டரு. அந்தக் காப்பிக்குப் பேரு ஆர்.என்.ஏ.”

அவர் சாய்வை விட்டு நிமிர்ந்தார். நான் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் உட்கரு, அதுதான் ஸ்டேஷன். எல்லாத் தகவலும் அங்கே இந்த ஏணியில் எழுதியிருக்கும். ஏதாவது ஒரு புரதம் செய்யவேண்டும் என்றால் ஏணியில் அந்த இடம் மட்டும் திறக்கும், அந்தப் பகுதிக்கு ஒற்றை இழையில் ஒரு காப்பி எடுக்கும். காப்பி வெளியே போகும். அங்கே அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு சரக்கு, அதாவது ஓர் அமினோ அமிலம் என்று வரிசையாகக் கோப்பார்கள். சரக்கைத் தூக்கிக்கொண்டு வருவதும் வேறொரு வகை ஆர்.என்.ஏ.தான். வேலை முடிந்தால் காப்பி கிழிந்துபோகும், ரிஜிஸ்டர் அப்படியே இருக்கும். ஏட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். காப்பி எழுதுகிறவன் தப்பாக எழுதிவிட்டால்? அந்தக் காப்பியோடு போச்சு, ஆனால் ரிஜிஸ்டரிலேயே தப்பு விழுந்தால் எல்லாக் காப்பியும் தப்பாகும், பிள்ளை குட்டி வரைக்கும்கூடப் போகலாம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அது அவருக்கு நன்றாகவே புரிந்த மாதிரி இருந்தது.

விட்டார். ஆனாலும் போலீஸ் போலீஸ்தானே. நான் ரயில் ஏறுகிறவரை கூடவே போய்ப் பார்த்துவிட்டு வா என்று லத்திக்காரரை அனுப்பினார். நீடாமங்கலம் ரயில் ஸ்டேஷனில் அத்தனை ஜனமும் பார்க்க, ஒரு காவலர் பின்னால் வர, வைக்கோல் ஏணியோடு நான் நடைமேடையில் நின்றேன். கூனிக் குறுகத்தான் வேண்டும். ஏனோ அன்றைக்குக் குறுகவில்லை. பாடம் எனக்குத் தெரியும் என்பது பாலத்தில்தான் எனக்கே தெரிந்திருந்தது.

கல்லூரியில் கண்ணாடி மணிகளும் செப்புக் கம்பிகளும் மேஜை மேஜையாக மினுங்கின. என்னுடையதைச் சாய்த்து வைத்ததும் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாட்டுக்குப் போடவா என்று ஒருத்தி கேட்டாள். தின்னத் தெரிஞ்ச மாடு இங்க நிறைய நிக்குது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

தேர்வாளர் வெளியூர்க்காரர். ஒல்லியாக, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அதிகம் பேசாத மனிதர். என் ஏணியைச் சுற்றி வந்தார். படிகளை எண்ணினார், எதிரெதிர் ஓட்டத்தைப் பார்த்தார், இரண்டு சுற்று மூன்று சுற்று நாரைத் தொட்டுப் பார்த்தார். எனக்குள் ஒரு நிம்மதி எழுந்துகொண்டிருந்தது. அப்போது அவர் வலது கைக் கட்டைவிரலை மேலே நிமிர்த்தி மற்ற விரல்களை மடக்கி ஏணியின் பக்கத்தில் வைத்தார். பிறகு அதே மாதிரி இடது கையை வைத்தார்.

“இது இடப்பக்கம் சுத்துதும்மா. டி.என்.ஏ. வலப்பக்கம் சுத்தணும்” என்றார்.

விரல்கள் மடங்குகிற பக்கமாகச் சுற்றிக்கொண்டே மேலே ஏறினால் அந்தக் கையின் சுழற்சி. என்னுடையது இடது கையோடு அழகாகப் பொருந்தியது. நாங்கள் பிரி திரிக்கிற பக்கம் அது. தலைமுறை தலைமுறையாகக் கை பழகிய பக்கம். விரிவுரையாளர் அவரிடம் ஆங்கிலத்தில், இவர்களுக்கெல்லாம் இது வராது என்று நான் முதலிலேயே சொன்னேன் என்றார். கடைசி பெஞ்சில் உட்காரவைத்தாலும் அந்த அளவு ஆங்கிலம் எனக்கு வரும்.

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். யார் செய்தது என்று என்னைக் கேட்டார். சொந்தமாகச் செய்யவேண்டும் என்பது விதி. நான் மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம், யார் வந்து பார்த்தார்கள்? ஆனால் அந்த நேரம் அம்மா வரப்பில் படுத்துக்கிடப்பாள் என்று மனசில் ஓடியது. அவளை இல்லையென்று சொல்லிவிட்டு வாங்குகிற மார்க்கு எனக்கு எதற்கு?

“நானும் எங்கம்மாவும் சார். ரெண்டு பேரு இல்லாம பிரி திரிக்க முடியாது.”

விரிவுரையாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்படியானால் இது தள்ளுபடி, அடுத்த ஆளைக் கூப்பிடலாம் என்றார். தேர்வாளர் கையமர்த்தினார். அம்மா என்ன செய்தாள், நீ என்ன செய்தாய் என்று கேட்டார். பிரி திரித்தது இரண்டு பேரும், படியும் நிறமும் கட்டும் நான், எந்தப் படி எங்கே என்ற கணக்கும் நான், முறுக்கிய கை என்னுடையது, பக்கம் சொன்னது அம்மா என்றேன். கால் மணி நேரம் தருகிறேன், இங்கேயே தனியாக அதைச் சரியாக்கு பார்க்கலாம் என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தனியாக எப்படி? மேல்முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே. யாரையும் கூப்பிடக் கூடாது. சுற்றிலும் பார்த்தேன். ஜன்னல் கம்பி கண்ணில் பட்டது. கழியிலிருந்து அவிழ்த்து மேல்முனையை அந்தக் கம்பியில் கட்டினேன், புடவையைச் செருகிக்கொண்டு கீழ்முனையைப் பிடித்தேன். இரண்டு சுற்று அவிழ்த்ததும் ஏணி வெறும் ஏணியாகத் தொங்கியது. எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கினேன். அம்மா சொன்னது சரிதான். பிரி நெகிழ்ந்தது, வைக்கோல் சிலிர்த்துக்கொண்டு வெளியே வந்தது. கை வேண்டாம் வேண்டாம் என்றது. பழகாத பக்கம் சுற்றுவது அவ்வளவு பாடு. வைக்கோலைத் தட்டி உள்ளே செருகிக்கொண்டே, இழுவையை விடாமல், முழங்காலால் கீழ்ப்பட்டையை அணைத்துக்கொண்டு இரண்டு சுற்றையும் முடித்தேன். கழியோடு சேர்த்துக் கட்டினேன். உள்ளங்கை கீறி ரத்தம் கசிந்திருந்தது. அதை யாரும் பார்க்கக் கூடாது என்று புடவையில் துடைத்துக்கொண்டேன்.

இரண்டு படிகள் நழுவியிருந்தன. தேர்வாளர் அதைத்தான் முதலில் காட்டினார். இவை மட்டும் ஏன் என்றார். பார்த்தேன், இரண்டுமே இரண்டு சுற்று நார் போட்ட படிகள், அடினைன் தைமின் ஜோடி. மூன்று சுற்றுப் படி ஒன்றுகூட அசையவில்லை. நிஜத்திலும் அப்படித்தான் சார், சூடு ஏற்றினால் அடினைன் தைமின் அதிகம் இருக்கிற இடம்தான் முதலில் பிரியும் என்றேன். இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, ஏணியைப் பார்த்து வாசித்தேன். அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பு.

அப்புறம் ஆர்.என்.ஏ. பற்றிக் கேட்டார். உச்சியில் நாலு படியைப் பிரித்து ஒரு இழையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, காப்பி எப்படி எடுக்கும் என்று காட்டினேன். தைமின் வரவேண்டிய இடத்தில் யுராசில் வரும், சர்க்கரையில் ஓர் ஆக்ஸிஜன் கூடுதலாக இருக்கும், இழை ஒன்றுதான் இருக்கும். விரிவுரையாளர் குறுக்கே புகுந்து ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி போட்டார். தமிழில் பதில் சொன்னேன். ஸ்டேஷன் ரிஜிஸ்டரையும் சேர்த்தே சொன்னேன். கடைசியாகத் தேர்வாளர், ஏன் வலப்பக்கமே சுற்றவேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது சார் என்றேன். எனக்கும் சரியாத் தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு என் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். எத்தனை மார்க்கு என்று காட்டவில்லை. வெளியே வந்து குழாயடியில் கையைக் கழுவும்போது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷமா, கோபமா, பசியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்றும்தான்.

பிற்பாடு, நான் வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் கழித்து, டி.என்.ஏ.வில் சில இடங்கள் சில சமயம் இடப்பக்கமாகவும் முறுக்கிக்கொள்வது உண்டு என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். பின்னே என்றாள், அவ்வளவுதான்.

தேர்வன்று சாயங்கால ரயிலில் திரும்பினேன். ஏணியைக் கல்லூரியிலேயே வைத்துக்கொண்டார்கள். பாலத்தில் ஏட்டைக் காணோம். தெருவில் ஆம்பளைகள் மட்டும் கும்பலாக நின்றார்கள். வரப்பில் படுத்த பெண்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்துவிட்டார்கள் என்றும், இருட்டுவதற்குள் விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். அறுக்க வந்த ஆட்கள் பெண்கள் படுத்ததைப் பார்த்துவிட்டு கதிரில் அரிவாளை வைக்காமலே திரும்பிவிட்டார்களாம். கூலி பற்றி இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா வந்தாள். முதுகெல்லாம் சேறு காய்ந்திருந்தது, குரல் கட்டியிருந்தது. வந்ததும் முகம்கூடக் கழுவாமல், என்ன ஆச்சு என்றாள். சொன்னேன். தப்பான பக்கம் முறுக்கிவிட்டோம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. அவள் கை பிரி விஷயத்தில் தப்பியதாக யாரும் சொன்னதில்லை. நான்தானே பக்கம் சொன்னேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலில் கட்டி நானே அவிழ்த்து மாற்றினேன் என்றேன். பிரி நெகிழ்ந்திருக்குமே என்றாள். நெகிழ்ந்துச்சு, வைக்கோலெல்லாம் சிலுப்பிக்கிட்டு நின்னுச்சு, ஆனா நின்னுச்சும்மா என்றேன். என் கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பி அந்தக் கீறலைப் பார்த்தாள்.

எழுந்து உள்ளே போனாள். கூரையில் செருகியிருந்த கருக்கரிவாள் இரண்டில் ஒன்றை உருவினாள். அது என்னுடையது. விடுமுறைக்கு விடுமுறை நான் அறுப்புக்குப் போகும்போது எடுத்துப்போவது, பிடியில் என் கை பட்டுப் பட்டு வழுவழுத்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். எங்கே என்று கேட்டேன். எதிர்வீட்டுச் சின்னம்மாவின் அரிவாளைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டுவிட்டது, அவளுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றாள்.

“ரிசல்ட் வரட்டும்மா. ஒருவேளை நான் தவறிப்போயிட்டா?”

“தவறுனா இன்னொரு தடவ போ. நீ திரும்பி வந்து புடிக்கிறதுக்கு இந்த வீட்டுல ஒண்ணும் இருக்கக் கூடாது.”

சின்னம்மா கையில் அதைக் கொடுத்துவிட்டு வந்து, குனிந்து முகம் கழுவினாள். ரிசல்ட் வர இன்னும் மூன்று மாதம் இருந்தது.